ஆவூர் வீட்டுக் கிறிஸ்துமஸ் பந்தி

இன்று பக்கத்து வீட்டில் மல்லியும் மிளகும் வறுபட்ட வாசனை, ஆவூரில் எப்போதோ இடிந்து மண்ணாகிவிட்ட எங்கள் ஓட்டு வீட்டுக்குள், அம்மா அம்மியில் மசாலா அரைக்கும் சத்தத்துக்கும் கோயில் மணியோசைக்கும் நடுவே என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தது.

கிறிஸ்துமஸ் பகலில் வெளியாள் ஒருவரையாவது பந்தியில் உட்கார வைக்காமல் அம்மா எங்களுக்கு இலை போட்டதில்லை. மழை பொய்த்த ஒரு வருஷம், இருந்த ஒரே கோழியைக் குழம்பு வைத்திருந்தபோது, கிணறு வெட்ட வந்திருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் தண்ணீர் கேட்டு நின்றார்கள். ஊரில் யாரும் வீட்டுக்குள் சேர்க்காதவர்கள்.

"உள்ள வாங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் அம்மா.

அவர்கள் தயங்கினார்கள்.

"சேசு பொறந்த நாளு. ஒங்களுக்கு இல்லாமயா?" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துவந்து, எங்கள் வரிசையிலேயே இருவரையும் உட்கார வைத்து, கறியை அவர்கள் இலையில் போட்டாள். எங்களுக்கு வெறும் குழம்புதான். எனக்கு அழுகை முட்டியது.

அந்தப் பெண் எங்கள் இலைகளைப் பார்த்தாள்.

"புள்ளைக எலையில ஒண்ணுமில்லையே ஆத்தா" என்று, இன்னும் சாப்பிடத் தொடங்காத தன் இலையிலிருந்து கறியை எடுத்து எங்களுக்கு வைத்தாள். ஒரு துண்டை அம்மாவிடமும் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

அம்மா அதை அவள் கையிலிருந்தே வாங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் தின்றாள்.