துரை எழுதிய நான்கு சொற்கள்

1. சிவப்பு நாடா

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். கல்முனைப் பக்கத்துக் கந்தோர் என்பதற்கு மேல் விபரம் வேண்டாம். அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். மருதமுனையில் தறி வைத்திருந்தவரின் மகன் நான். எஸ்.எஸ்.ஸி. ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்தவன் என்ற தலைக்கனத்தோடு முதல் நாள் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் அந்தக் கனம் இறங்கிவிட்டது.

எங்கள் இஞ்சினியர் கொழும்பிலிருந்து வந்த பறங்கித் துரை. நல்ல மனிதர். ஆனால் அவர் பேசிய ஆங்கிலம் நான் படித்த ஆங்கிலம் அல்ல. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் தெரிந்த சொற்கள். சேர்த்துப் பார்த்தால் தலையும் விளங்காது, வாலும் விளங்காது. அன்று காலை என் மேசைக்கு முன்னால் நின்று, இந்தக் கந்தோரில் சிவப்பு நாடா கூடிப்போய்விட்டது என்று சலித்துக்கொண்டு போனார். பைல்களைக் கட்ட உண்மையாகவே எங்களிடம் சிவப்பு நாடா இருந்தது. மனிதர் சிக்கனம் பார்க்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் வாப்பாவின் தறியடியிலிருந்து வெள்ளை நூல் கொண்டுவந்து, பன்னிரண்டு பைல்களை அவிழ்த்துக் கட்டி, நாடாவைச் சுருட்டிப் பெரிய கிளாக்கரிடம் ஒப்படைத்தேன்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், பென்சனுக்கு நாலு வருடம் இருந்தவர். நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாடாவை வாங்கி மேசைக்குள் வைத்தார். துரை வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே தன் அறைக்குள் போய்விட்டார். காரியங்களை இழுத்தடிக்கும் கந்தோர் வழக்கத்துக்குத்தான் ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர் என்று எனக்குத் தெரியப் பல மாதம் ஆனது. அத்தனை மாதமும் நூல் கொண்டுவந்தது சரியா பிழையா என்று குழம்பிக்கொண்டே இருந்தேன்.

2. கொப்பி

நூல் கட்டிய அந்தக் கிழமையே ஒரு கொப்பி போட்டேன். இடது பக்கத்தில் துரையின் வாசகம், வலது பக்கத்தில் அதன் கருத்து. இடது பக்கம் கிழமைக்குக் கிழமை நிறைந்தது. வலது பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. ஒரு கல்லையும் புரட்டாமல் விடவேண்டாம் என்று ஒரு தடவை எழுதினார். எந்தக் குளக்கட்டின் கல் என்று அரை நாள் தேடினேன். விஷயமோ காணாமல் போன ஒரு வரைபடம். இன்னொரு தடவை, வெளிவேலைகளை மேற்பார்க்கும் ஓவசியருக்குப் பாதம் குளிர்ந்துவிட்டது என்று எழுதினார். காய்ச்சலாக்கும் என்று நான் ஓவசியரிடம் சுகம் விசாரிக்க, அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பயந்து பின்வாங்கினார் என்று துரை குறை எழுதியிருந்தாராம்.

துரையிடமே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் ஒரு நாள் எழும்பிப் போகப் பார்த்தேன். பெரிய கிளாக்கர் கையைக் காட்டி மறித்தார்.

"துரையின்ர இங்கிலீசுக்குத் துரையிட்டயே கருத்துக் கேக்கப்படாது, தம்பி. கேட்டீரெண்டா, உமக்கு இங்கிலீசு தெரியாதெண்டு உம்மட பைலில ஏறிப்போடும்."

விளங்காத மினிட், அதாவது பைல் குறிப்பு, வந்தால் அங்கே ஒரு வழி இருந்தது. 'பார்த்தேன்' என்று எழுதி, கையெழுத்து வைத்து, அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவது. அடுத்த மேசையும் அதையே செய்யும். எல்லோருக்கும் விளங்குகிறது, எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று நான் நம்பினேன். அந்த வெட்கத்தில் இன்னும் அழகாகக் கையெழுத்து வைத்தேன்.

3. வரிப்பத்தான்சேனைப் பைல்

சேர்ந்து எட்டு மாதமிருக்கும். வரிப்பத்தான்சேனையின் வயல்வெளியான வட்டையிலிருந்து ஒரு பெட்டிசம், ஒரு மனு, வந்தது. மதகுக்குக் கீழே வாய்க்கால் கரை உடைந்து, தண்ணீர் வயலுக்கு ஏறாமல் காட்டுக்குள் ஓடுகிறது. வேளாண்மைப் பயிர், கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நிற்கிறது. உடனே கட்டித் தரவேண்டும். கொண்டுவந்தவர் ஆதம்பாவா காக்கா; மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம். அந்த வட்டையின் விதானை. தண்ணீர் முறையெல்லாம் அவர் பொறுப்பு. உடைப்புக்கு அடுத்தாற்போல இருந்த மூன்று ஏக்கர் அவருடையது.

ஓவசியர் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். உடைப்பை மட்டும் மண்மூட்டை வைத்து அடைப்பதா, அல்லது பலமிழந்த கரை முழுவதையும் உயர்த்திக் கட்டுவதா, துரை உத்தரவு தரவேண்டும் என்று முடித்துவிட்டு வேறு குளத்துக்குப் போய்விட்டார். துரை அறிக்கையின் ஓரத்தில் நான்கு சொற்கள் எழுதி, சிறு கையெழுத்து வைத்திருந்தார். 'கோ த ஹோல் ஹொக்.'

கடைசிச் சொல்லை டிக்சனரியில் பார்த்தேன். பன்றி.

இதை வாசிக்கும் உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை வாயால் எடுப்பதில்லை. காட்டோரத்து வயலில் இறங்கி அழித்துவிட்டுப் போனாலும் 'அது வந்திட்டு' என்றுதான் சொல்வோம். ஒரு முஸ்லிம் ஊரின் பெட்டிசத்தில் துரை ஏன் அதை எழுதினார்? கரையை அவைதான் கிண்டின, எல்லாவற்றையும் விரட்டு என்கிறாரா? இல்லை, எங்கள் ஆட்களை ஏசுகிறாரா? ஏசுகிற மனிதரும் இல்லையே. குழம்பிப்போய், வழக்கம்போல 'பார்த்தேன்' என்று எழுதித் தள்ளினேன். பைல் மேசை மேசையாகப் போனது.

ஆதம்பாவா காக்கா இரண்டாம் தடவை வந்தார். கையில் தஸ்பீஹ் மணி, நெற்றியில் தொழுகைத் தழும்பு, கால் முழுக்க வயல் சேறு.

"தம்பி, தொரை என்னத்த எழுதியிரிக்காரு?"

அந்த முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? விளங்கவில்லை என்று சொல்லவும் நாக்கு எழும்பவில்லை. கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது?

"தொரை யோசிக்காரு காக்கா. பொறுக்கட்டாம்."

"வட்டையில இருவது பேர் மம்பட்டியோட நிக்காங்க. நாங்களே மண்ணப் போட்டுக் கட்டிருவம். கவுமென்ட் வாய்க்கால்ல கைவெச்சா வழக்கு வருமெண்டுதான் பாக்கம். அப்ப பொறுக்கட்டா?"

"ஓம், பொறுங்க."

அவர் என்னை முழுதாக நம்பினார். ஊருக்குப் போய் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மூன்றாம் தடவை வந்தவர், மடியிலிருந்து ஒரு பிடி நெற்பயிரை எடுத்து என் மேசையில் வைத்தார். வெளிவராத கதிர் உள்ளேயே காய்ந்து, பயிர் வைக்கோல் நிறத்தில் இருந்தது.

"குடலையோட காஞ்சிட்டு தம்பி. தொரைக்கிட்ட காட்டுங்க."

பைலைத் தேடினேன். அது சுற்றி முடித்து, பெரிய கிளாக்கரின் தட்டில் கிடந்தது. துரையின் நான்கு சொற்களுக்குக் கீழே ஏழு கையெழுத்து. பைலையும் பயிரையும் எடுத்துக்கொண்டு துரையின் அறைக்கு நடந்தேன். பின்னால் பெரிய கிளாக்கர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

4. அரை நிமிடம்

சேர், இது எனக்கு விளங்கவில்லை என்றேன். எட்டு மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் நேர்மையான ஆங்கில வசனம் அதுதான்.

துரை தன் எழுத்தைத் தானே வாசித்தார். அரைகுறையாகச் செய்யாமல் முழுதாகச் செய்யுங்கள், கரை முழுவதையும் கட்டுங்கள் என்றுதான் எழுதினேன், ஏன், இன்னும் கட்டவில்லையா என்று கேட்டார். அவர் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. உத்தரவு கொடுத்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. ஏழு கையெழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லையா என்றார். எங்களுக்கு அந்த மிருகத்தின் பெயர் எப்படிப்பட்டது என்பதை நான் திக்கித் திக்கிச் சொன்னேன். அவருடைய முகம் சிவந்துபோனது. மன்னித்துக்கொள் என்றார். ஒரு துரை என்னிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

துணிந்து இன்னொன்றும் கேட்டேன். முழுதாகச் செய்வதற்கும் அந்த மிருகத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் தெரியாது, என் தகப்பனார் அப்படிச் சொல்வார், நானும் சொல்கிறேன் என்றார் துரை. வெளியே வந்தபோது பெரிய கிளாக்கர் கதவோரத்தில் நின்றார். "என்னவாம் கருத்து?" என்று மெல்லக் கேட்டார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று பின்னேரமே ஓவசியர் போனார். மூன்று நாளில் கரை எழுந்தது. பள்ளத்து வயல்கள் தப்பிவிட்டன. உடைப்பை ஒட்டிய மேட்டு வயல்கள் தப்பவில்லை. ஆதம்பாவா காக்காவின் மூன்று ஏக்கரும் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய வரிப்பத்தான்சேனைக்குப் போய், வரம்பில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்தச் சொல்லையும் சொன்னேன். அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு காய்ந்த வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியாண்டு ஒரு சொல்லுச் சொல்லிரிந்தா, நாங்க வழக்கு வந்தாலும் பரவாயில்லண்டு அண்டைக்கே கட்டியிரிப்பம், தம்பி. தொரை பொறுக்கச் சொன்னாரு எண்டுதானே பொறுத்தம்."

அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். என்னிடம் வந்தவர்களுக்கு எத்தனையோ தடவை 'எனக்கு விளங்கவில்லை, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கிறேன். சிலர் இளக்காரமாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும். புதிதாகக் கந்தோருக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்களுக்கு விளங்காத ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பொறுக்கச் சொல்லாதீர்கள்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. துரையின் நான்கு சொற்களுக்கு நேரே 'முழுதாகச் செய்' என்று எழுதியிருக்கிறேன். அதில் அந்த மிருகம் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியாது.