மாங்கோ சோலைமுத்துவின் தனிக்குடித்தனம்

சோலைமுத்துவை மேடையில் ஏற்றியவன் நான். அந்த மேடையிலிருந்து என்னை இறக்கியவன் அவன். சவுதியில், ஜுபைலில் எங்கள் தொழிலாளர் கேம்பில் முந்நூறு பேர் இதற்குச் சாட்சி.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அது. நான் விஜயபாஸ்கர், சைட்டில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு டியூட்டிக்கு வந்தான் என்று குறிக்கிற வேலை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மெஸ் ஹாலில் ‘ஏழாம் நம்பர் ரூம்’ என்று வாராவாரம் ஒரு சிரிப்பு நாடகம் போடுவேன். எழுதுவது நான், இயக்குவது நான், கதாநாயகன் யார் என்று சொல்லவே வேண்டாம். சிரிப்பு நாடகம் என்றாலும் யாரும் பெரிதாகச் சிரித்ததில்லை. ஏசிக்காகத்தான் கூட்டம் வருகிறது என்று வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் சொல்வார்கள்.

சோலைமுத்து முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், சாரம் கட்டுகிறவன். முப்பது மீட்டர் உயரத்தில் ஒற்றைக் குழாயில் சாவகாசமாக நடப்பான். கீழே இறங்கினால் ஃபோர்மேனைக் கண்டு நடுங்குவான். அரபியில் அவனுக்குத் தெரிந்தது மூன்று சொல். யல்லா என்றால் கிளம்பு, கலாஸ் என்றால் முடிந்தது, மாஃபி என்றால் இல்லை. ஹிந்தி சுத்தமாக வராது. யார் என்ன சொன்னாலும் “அச்சா” என்று தலையாட்டிவிட்டு வேறு எதையாவது செய்துவைப்பான்.

பதினாறாவது வாரம், தண்ணீர் கொண்டுவருகிற வேஷக்காரனுக்கு வயிற்றுப்போக்கு. நான் சோலைமுத்துவைப் பிடித்துவந்து, “ஜக்கோட வா, ஊத்து, போ. வாயத் தொறக்காத” என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஃபோர்மேன் வேஷத்தில் நிஜ ஃபோர்மேன் மஹ்மூதே உட்கார்ந்திருந்தார். பெஷாவர்க்காரர், மீசைக்காக அவரைச் சேர்த்திருந்தேன். அவரைப் பார்த்ததும் சோலைமுத்து ஜக்கோடு கும்பிடு போட, தண்ணீர் முழுதும் அவர் மடியில் கொட்டியது.

மஹ்மூது நடிப்பை மறந்து எழுந்து கத்தினார். “மாஃபி மாங்கோ!”

உருதுவில் அதற்கு ‘மன்னிப்புக் கேள்’ என்று அர்த்தம். சோலைமுத்துவின் காதில் அரபி மாஃபியும் இங்கிலீஷ் மாங்கோவும் விழுந்தன. பயபக்தியோடு குனிந்து சொன்னான். “மாங்கோ இல்லையா சார்? பரவால்ல சார், ஆரஞ்சு இருக்கு. எடுத்தாரவா?”

அடேயப்பா! தட்டைத் தட்டினார்கள், மேஜையைத் தட்டினார்கள், பக்கத்தில் இருந்தவன் முதுகைத் தட்டினார்கள். பாகிஸ்தானிகளுக்கும் யாரோ விளக்கிச் சொல்ல, சிரிப்பு இரண்டாம் தடவை எழுந்தது. கடைசியில் மஹ்மூதே மீசை நனையச் சிரித்தார். நான் நடுமேடையில் அம்மாவை நினைத்து உருகும் வசனத்தோடு காத்திருந்தேன். கேட்பாரில்லை.

அடுத்த வாரம் நான் வாயைத் திறந்தாலே “மாங்கோவக் கூப்பிடு!” என்று குரல். அவனுக்கு நாலு வசனம் கொடுத்தேன், எட்டுக் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கதாநாயக நாற்காலி என் கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருந்தது. அதை விடுவதாக இல்லை நான்.

கேம்ப் டிவியில் ஓடும் இங்கிலீஷ் சிரிப்புத் தொடர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஏதோ ஓர் அத்தியாயத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால், அவனுக்கென்று தனித் தொடர் ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்பின் ஆஃப் என்று பெயர். கூட்டுக்குடும்பத்தில் ஒத்துப்போகாதவர்களுக்குத் தனிக்குடித்தனம் வைக்கிற மாதிரிதான். சோலைமுத்துவைக் கழற்றிவிட இதைவிட மரியாதையான வழி ஏது? ஒரு வாரம் அவன் டீக்கடை வைக்கப் போவதாக எழுதி, என் நாடகத்திலிருந்து வழியனுப்பினேன். அடுத்த வாரமே, என் நாடகம் முடிந்த கையோடு ‘மாங்கோ டீ ஸ்டால்’.

அதையும் நான்தான் எழுதினேன், பன்னிரண்டு பக்கம். நன்றாக வந்துவிடக்கூடாது என்று அக்கறையோடு எழுதினேன்.

பாவி, அத்தனையையும் மனப்பாடம் பண்ணிவிட்டான். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஐந்தாம் பக்கத்தில் நின்றுபோய், கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான்.

“அண்ணே, எனக்கு வரலண்ணே. இது நீங்க பண்ணுனாத்தான் நல்லாருக்கும்” என்றான்.

கேலியில்லை, நிஜமாகவே சொன்னான். எனக்கு இதுதானே வேண்டியிருந்தது? குளுகுளு என்று இருந்திருக்க வேண்டும். சீ என்று ஆகிவிட்டது. என்ன ஜென்மம் நான்! கடைசி வரிசையிலிருந்து எழுந்து, நேராக மேடையேறி, ஃபோர்மேன் குரலில் ஹிந்தியில் கத்தினேன்.

“சாய் கிதர் ஹை? ஆஜ் நஹி? கலாஸ்! கல் லாவ்!”

இன்றைக்கு டீ இல்லையென்றால் நாளைக்குக் கொண்டுவா என்றேன். ஹிந்தியில் ‘கல்’ என்றால் நாளை. “அச்சா” என்று சோலைமுத்து வெளியே ஓடினான். கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கான்கிரீட் கல்லைத் தூக்கிவந்து, “கல்லு சார்” என்று பவ்யமாக என் காலடியில் இறக்கினான். காலடியில் இல்லை, கால்மேல். “அய்யோ அம்மா!” என்று நான் அலறியது நடிப்பே இல்லை. ஹால் அதிர்ந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை என் ‘ஏழாம் நம்பர் ரூ’முக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் தூக்கம். மூடிவிட்டேன். ‘மாங்கோ டீ ஸ்டால்’ இரண்டு வருஷம் ஓடியது. நான் வாராவாரம் ஹிந்தியில் திட்டுவேன், அவன் வாராவாரம் தப்பாகப் புரிந்துகொள்வான், அடி எனக்கு. மாவில் விழுந்தேன், ஏணியிலிருந்து விழுந்தேன். கதாநாயகன் சோலைமுத்து.

ஒரு நாள் அவன் ஊருக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தவன், “அண்ணே, வீட்ல உங்ககிட்டப் பேசணுங்குது” என்று என்னிடம் நீட்டினான். அவன் மனைவி மீனாம்பாள்.

“அண்ணே, இவுக நாடகத்துல ஒருத்தரு பிரமாதமா அடி வாங்குவாராமே. அது யாருண்ணே?”

எழுதியவன், இயக்கியவன் என்று ஆரம்பிக்கத்தான் வாயெடுத்தேன்.

“நான்தாம்மா” என்றேன்.

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் சோலைமுத்துவின் ஃபோன் கார்டே தீர்ந்துபோனது. சொந்தமாக ஒரு வசனம் சொல்லி நான் வாங்கிய முதல் சிரிப்பு அதுதான்.