பன்னிரண்டு ஆன்

பிரான்சிலிருந்து வரும் சட்டைகளின் கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரல் நகத்தளவு வெள்ளைத் துணி ஒன்று தைத்திருக்கும். அதில் ஓர் எண்ணும், பக்கத்தில் 'ஆன்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் இருக்கும். ஆன் என்றால் ஆண்டு. எட்டு ஆன் என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கான சட்டை. நம்மூரில் இருபத்தாறு, இருபத்தெட்டு என்று மார்பளவைச் சொல்லி வாங்குவதுபோல் அந்த ஊரில் பிள்ளைகளின் சட்டைக்கு வயதுதான் அளவு. எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் தலத்தெருவில் இருந்த எங்கள் வீட்டில், அம்மா அறிந்திருந்த பிரெஞ்சு மொழி மொத்தமும் இந்த ஒரு சொல்தான். அதைக்கூட அவள் அளவு என்றுதான் அறிந்திருந்தாள். கடைவீதியில் தைத்த பாவாடையைக் கையில் பிடித்துப் பார்த்து, "இது ஒம்பது ஆன்தான் வரும்" என்று தையல்காரரிடமே சண்டை போடுவாள். அவர் பாவம், தலையாட்டுவார்.

சட்டைகளை அனுப்பியவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். எங்களூரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவருக்குக் குழந்தைகள் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளின் வயதைக் கேட்டு எழுதுவார். பதில் எழுத அம்மா தரையில் உட்கார்ந்து நான்கு வரிக்குள் என் தம்பியின் வயதை மாற்றிவிடுவாள். தம்பிக்கு ஐந்து என்றால் ஏழு, ஏழு என்றால் பத்து. "வளர்ற புள்ள, பெருசாவே வரட்டும்" என்பதே அவளுடைய சட்டம். வந்த சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்து, ஓரத்தைத் தைத்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவாள். தம்பி எந்நேரமும் பெரிய மனிதர் யாருடைய சட்டைக்குள்ளோ ஒளிந்து நிற்பதுபோலவே இருப்பான். என் வயதை மட்டும் உள்ளபடி எழுதினாள். பெண்ணுக்கு வயதைக் கூட்டிச் சொன்னால் நாளைக்கே யாராவது ஜாதகம் கேட்பார்கள் என்ற பயம். அதனால் என் கவுன்கள் சரியான அளவில் வந்து, ஆறே மாதத்தில் முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டன.

தம்பிக்கு எட்டு நடந்தபோது அம்மா பன்னிரண்டு என்று எழுதினாள். முந்தைய வருஷத்துச் சட்டை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இறுகிவிட்டதில் அவளுக்கு ஏற்பட்ட கோபம் அது. அந்த வருஷம் பார்த்து மாமா சட்டை அனுப்பவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் இனிமேல் சட்டைக்கெல்லாம் சந்தோஷப்படுவானா என்று அவராகவே நினைத்துக்கொண்டு, விடுமுறையில் ஊருக்கு வந்த இன்னொரு சொல்தாவிடம் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். உள்ளே சோப்புப் பெட்டி அளவில் ஒரு வீடியோ கேம். நடுவில் சாம்பல் நிறக் கண்ணாடி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். சட்டைப் பித்தானைப் போன்ற இரண்டு பாட்டரி போட்டால் பீப் பீப் என்று சத்தம் போடும். தெருவில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அட்டையின் மூலையில் ஒரு வட்டத்துக்குள் பன்னிரண்டு ஆன் என்று இருந்தது. பழைய ஆட்கள் மேரி என்று சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் அப்பா குமாஸ்தா. பிரெஞ்சு வாசிப்பார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "பன்னெண்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு" என்றார்.

"நான்தானே எழுதினேன். பெருசா இருக்கட்டுங்க, வளர்ற புள்ளதானே" என்றாள் அம்மா.

அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். வாசித்தவர் ஒருவர், வாங்கிக்கொண்டவள் ஒருத்தி. இருவரும் பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று. அட்டையின்படி அந்த வீட்டில் அதற்குத் தகுதியான பிள்ளை நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை என்பதை இத்தனை வருஷம் கழித்தும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஆட்டம் இதுதான். கண்ணாடிக்குள் ஒரு கப்பல் உடைந்து சாய்ந்திருக்கும். அதிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கடலில் விழுவார்கள். கீழே ஒரு படகை இடமும் வலமும் நகர்த்தி அவர்களை ஏந்த வேண்டும். ஏந்தத் தவறினால் சுறா ஒன்று வாயைத் திறந்து மேலே வரும். ஆளின் கால் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்து மறையும். மூன்று பேர் போனால் ஆட்டம் முடிந்தது. பெரிய பிள்ளைகளுக்கு இது விரல் வேகம் சம்பந்தப்பட்ட விஷயம். எட்டு வயதுக் கைக்கு அந்த வேகம் வராது. ஆகவே தம்பி ஆடிய ஆட்டத்தில் எல்லோரும் செத்துக்கொண்டே இருந்தார்கள். போதாக்குறைக்கு அவன் விழுகிறவர்களுக்குப் பெயர் வேறு வைத்தான். முதலில் விழுபவர் கணக்கு வாத்தியார். அவரை அவன் வேண்டுமென்றே விட்டான் என்று எனக்குச் சந்தேகம். மறுநாள் வாத்தியார் மூக்கைச் சிந்திக்கொண்டே பாடம் நடத்தினார். தண்ணீரில் விழுந்தால் சளி பிடிக்காதா? தம்பி அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மெதுவாக, "அக்கா, வாத்தியாருக்குச் சளி" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

கடைசியாக விழுபவருக்கு அவன் வைத்த பெயர் மேட்டு மாமா. காரைக்கால்மேட்டிலிருந்து தினமும் எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவந்த மீன்கார அக்காவின் கணவர். விசைப்படகில் போகிறவர். மேட்டுக்கு நாங்கள் போனால் தம்பியைத் தோளில் தூக்கிப் படகுக்குள் இறக்கிவிடுவார். தம்பிக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம். அவரை மட்டும் எப்படியாவது ஏந்திவிட வேண்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடுவான்.

இப்போது தம்பி பிரான்சில் இருக்கிறான். அவனுக்கும் எட்டு வயதில் ஒரு மகன். இன்றைக்கு விளையாட்டுகளின் அட்டையில் வயதைக் கண்ணைக் குத்துகிற அளவுக்குப் பெரிதாகப் போடுகிறார்களாம். அப்படியும், "என் பையன் வயசுக்கு மீறின கெட்டிக்காரன்" என்று சொல்லிப் பெரிய எண்ணுள்ளதையே எடுத்துப் போகும் தாய் தகப்பன்மாரைக் கடையில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து பொருமுவான். நான் கேட்டுக்கொள்வேன். அவர்களில் பலர் என் அம்மாவைவிட மோசமானவர்கள் இல்லை. சட்டை பெரிதாக இருந்தால் தெருவே பார்க்கும், கை தொங்கும், பள்ளியில் சிரிப்பார்கள். ஆட்டம் பெரிதாக இருப்பது பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

வீடியோ கேம் வந்த அந்த வருஷத்து ஐப்பசி மாதம். திங்கட்கிழமை விடியலில் கடலுக்குப் போன மேட்டு மாமாவின் படகு செவ்வாய்க்கிழமை திரும்பியிருக்க வேண்டும். செவ்வாய் மத்தியானம் காற்று எடுத்தது. புதன்கிழமை மீன்கார அக்கா வரவில்லை. படகு இன்னும் கரைக்கு வரவில்லை, மேட்டில் ஒரே அழுகையாக இருக்கிறது என்று பால்காரர் வந்து சொன்னார். அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். தம்பி தட்டில் இருந்த இட்லியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். அன்று அவன் எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் சாப்பிடாதபோது நான் அவனைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போய்க் கேட்டேன்.

"செவ்வாக்கிழமை சாயங்காலம் நான் மூணு ஆட்டம் ஆடுனேன்க்கா. மேட்டு மாமாவ மூணு தடவையும் விட்டுட்டேன்" என்றான். சொல்லும்போது அவன் அழவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் அவனைத் திட்டினாள், பிறகு மடியில் இழுத்துக்கொண்டு, "அது பொம்மைடா, பொம்மைக்கும் மாமாவுக்கும் என்னடா இருக்கு" என்றாள். அப்பா பாட்டரியைக் கழற்றிக் காட்டி, உள்ளே கடலும் இல்லை சுறாவும் இல்லை என்று விளக்கினார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில், "அப்ப வாத்தியாருக்கு ஏன் சளி பிடிச்சுது?" என்று கேட்டான். ஐப்பசியில் ஊருக்கே சளி பிடிக்கும் என்று அப்பா சொன்னதை அவன் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தாள்.

"ஏங்க, இத இன்னொருதரம் வாசிங்க."

"பன்னெண்டு வயசுக்கு மேல."

"அளவு இல்லியா?"

"அளவு இல்ல. அந்த வயசு வந்தப்புறம்தான் குடுக்கணும்னு போட்டிருக்கான்."

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"அன்னைக்கும் இதத்தானே சொன்னேன்" என்றார் அப்பா. சொன்னாரே தவிர அவராலும் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "சட்டைன்னா மடிச்சு விடலாம். இத எங்க மடிக்கிறது?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. தன்மேல் தவறு என்று வாய்விட்டு ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை அவள். ஆனால் அவளும் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை செய்தி வந்தது. இன்ஜின் நின்றுபோய்ப் படகு நாகப்பட்டினம் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, எல்லோரும் பத்திரம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து தம்பியிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. ஆளைப் பார்க்க வேண்டும் என்றான். மேட்டுக்கு ஆள் அனுப்பி அம்மா சொல்லிவிட்டிருக்க வேண்டும். சாயங்காலமே மேட்டு மாமா, மீன்கார அக்காவோடு வாசலில் வந்து நின்றார். முகம் வற்றியிருந்தது, உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. "எங்க நம்ம தம்பி?" என்று சிரித்தார்.

தம்பி கதவை விட்டு வரவில்லை. அங்கிருந்தே, "மாமா, நீங்க தண்ணியில விழுந்தீங்களா?" என்று கேட்டான்.

'இல்லை' என்று அவர் சொல்லுவார் என்றே நாங்கள் அனைவரும் நின்றோம். எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. "அட, தம்பிக்கு யாரு சொன்னா? விழுந்தேன்ய்யா. அலை அடிச்ச அடியில கால் வழுக்கிடுச்சு. பயலுவ கயிறு போட்டுத் தூக்குனானுவ. கொஞ்சம் தவறியிருந்தா அவ்வளவுதான்."

"எப்ப விழுந்தீங்க?"

"செவ்வாக்கெழம. விளக்கு வைக்கிற நேரம்."

தம்பி ஆடிய நேரம் அதுதான். அவன் கதவை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டான். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா பேசினாள்.

"செவ்வாக்கிழம விளக்கு வைக்கிற நேரத்துல அத வச்சு ஆடுனது நான்டா."

தம்பி திரும்பினான்.

"நீ ஆடிட்டு வச்சிட்டுப் போனப்புறம் எடுத்தேன். எனக்கு எங்க வருது? எல்லாரையும் விட்டுட்டேன். நீ திட்டுவேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அம்மா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். இன்றுவரை தம்பியிடம் சொன்னதில்லை.

தம்பி அவளிடம் வந்து நின்றான். மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஆனால் அது கோபத்தில் வந்த அழுகை. "ஒனக்குத்தான் அதப் பத்தி ஒண்ணும் தெரியாதுல்ல? தெரியாதத ஏன் எடுத்த? மாமா செத்துப் போயிருந்தா?" என்று அவள் இடுப்பில் குத்தினான். மீன்கார அக்கா எதுவும் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அம்மா அவன் கையைத் தடுக்கவில்லை.

"தப்புதான்டா. தெரியாம எடுத்துட்டேன்" என்றாள். அவள் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

அதன் பிறகு நான்கு நாள் தம்பி அம்மாவோடு பேசவில்லை. மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டான்.