வளைகாப்பு அன்றைக்கு வயர்லெஸ் படுத்தது

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை சுமதிக்கு வளைகாப்பு. எங்கே? ஜெர்மனியில்! அங்கே இருக்கும் நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வளையல் போடுகிறார்கள். நாங்கள் ஓசூரில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. நாலரைக்கு வீடியோவில் வருவாள்.

அம்மா காலையிலேயே கல்லாவியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பெத்த பொண்ணு வளைகாப்புக்குப் போக முடியலையே என்று ஒரு மாதமாகப் புலம்பியவள்... கேமராவிலாவது பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

நாலு மணிக்குத் திறந்தால் — வயர்லெஸ் இல்லை! ஒரு நெட்வொர்க்கும் காட்டவில்லை.

எங்கள் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். முன்பிருந்த சாஃப்ட்வேர் வைரஸில் படுத்தபோது, என் கணவரோடு ஃபேக்டரியில் வேலை செய்யும் மஞ்சுநாத் போட்டுக் கொடுத்தது. "அன்னைக்கே சொன்னேன், இந்த ஓசி சாஃப்ட்வேரெல்லாம் வேணாம்னு" என்றார் கணவர். சொன்னாரா? சொல்லவே இல்லை!

ரீஸ்டார்ட் செய்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ம்ஹூம். கேபிள் போடலாமே என்கிறீர்களா? அது இவருடைய ஃபேக்டரி டிராயரில் பத்திரமாக இருக்கிறதாம்.

மஞ்சுநாத்துக்குப் போன் போட்டேன். "ஸ்வல்ப இரி அக்கா, கொஞ்சம் இருங்க... டெர்மினல் ஓப்பன் பண்ணுங்க" என்று கமாண்டை எழுத்தெழுத்தாகச் சொன்னான். "ஐ ஃபார் இட்லி..." வயர்லெஸை ஓட்டும் டிரைவர் புரோகிராமைக் கழற்றி மறுபடி ஏற்றினோம். மணி நாலு இருபத்தஞ்சு. "ஏம்மா, அவ வந்து பாத்துட்டுப் போயிருவாளோ?" என்றாள் அம்மா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைசியில என்ன காட்டுது அக்கா?"

"வயர்லெஸ் ரேடியோ ஆஃப்னு இருக்கு."

"அய்யோ! லேப்டாப் முன்பக்க ஓரத்துல குட்டி ஸ்விட்ச் இருக்கும், பாருங்க!"

இருந்தது. ஆஃபில் இருந்தது! திரும்பினேன். கணவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். ஃபேக்டரியில் எந்த மெஷினில் கை வைத்தாலும் முதலில் எல்லா ஸ்விட்சையும் அணைக்க வேண்டும். அணைத்தவர்தான் திரும்பப் போட வேண்டும். நல்ல பழக்கம்தான், விரல் மிச்சமாகும். காலையில், மாமியார் வருகிறாரே என்று லேப்டாப்பைத் தூசி துடைத்திருக்கிறார் மனுஷன். அதற்கும் அதே முறை! திரும்பப் போடத்தான் மறந்துவிட்டார்.

நான் கையை நீட்டினேன். "இரு, இரு! நான் அணைச்சது, நான்தான் போடணும்!" என்று ஓடி வந்து, நகத்தால் தள்ளினார். நீல விளக்கு எரிந்தது. போனில் மஞ்சுநாத் விசில் அடித்தான்.

யூனிஃபார்மை வாசலிலேயே கழற்றிவிடலாம். வேலைப் பழக்கத்தை எங்கே கழற்றுவது? நான் மட்டும் என்னவாம் — புரூஃப் பார்க்கிற வேலை, மளிகை லிஸ்ட்டில்கூட எழுத்துப்பிழை திருத்துகிறேன்!

நாலரை. "அம்மா!" என்று வந்துவிட்டாள் சுமதி. கை நிறைய வளையல், முகமெல்லாம் சிரிப்பு.

அம்மா எழுந்து சமையலறைக்கு ஓடினாள். கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு வந்து, நான் தடுப்பதற்குள், ஸ்கிரீனில் தெரிந்த கன்னத்தில் அப்பிவிட்டாள்! அந்தப் பக்கம் சுமதி கன்னத்தைக் காட்டிக்கொண்டே சிரிக்கிறாள், அழுகிறாள்... நானும்தான்.

அம்மா ஊருக்குப் போயாச்சு. சந்தனம் இன்னும் ஸ்கிரீனில் இருக்கிறது. துடைக்க மனசு வரவில்லை — அதைச் சுற்றித்தான் இந்தப் பத்தியை டைப் அடித்தேன்.