ஆளுக்கு நாலு வருட நம்பிக்கை

போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் ஹரோ வீட்டுச் சமையலறையில் வைத்து, என் அத்தான் அமெரிக்க அரசாங்கத்தின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றினார். பெரிய விவாதமெல்லாம் கிடையாது. இரத்த அழுத்தத்துக்குப் போடும் பிறஷர் குளிசை ஒன்றை எடுத்து வாயில் போட்டார், நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடித்து விழுங்கினார் — தீர்மானம் நிறைவேறிவிட்டது.

எதிரே நின்ற அக்கா, பாணுக்குப் பட்டர் பூசிய கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

ஏன் அழுதாள்? அதற்கு முன் இந்த இருவரையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அக்காவும் அத்தானும் அமெரிக்காவில், குளிர் கூடிய ஒரு மாநிலத்தில், முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறார்கள். எங்களோடு கொஞ்ச நாள் தங்கிப் போகலாம் என்று லண்டன் வந்திருக்கிறார்கள். இருவரும் அந்த நாட்டுப் பிரஜைகள். இருவரும் ஒரு தேர்தல் விடாமல் வாக்களிப்பவர்கள். ஒரே காரில் போய், ஒரே வரிசையில் நின்று, ஒருவர் வாக்கை மற்றவர் வாக்கால் அடித்துவிட்டு, வரும் வழியில் பீட்சா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள்.

அங்குள்ள இரண்டு பெரிய கட்சிகளில் யார் ஆனைக் கட்சி, யார் கழுதைக் கட்சி? சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே என்னை நம்புவதை நிறுத்திவிடுவீர்கள்.

கட்சி எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். போய் இறங்கிய புதிதில் அத்தானுக்கு முதல் வேலை கொடுத்த முதலாளி ஒரு கட்சி. அக்கா வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில், அவளுடைய இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்காத ஆசிரியைகள் எல்லாம் மற்றக் கட்சி. யார் முதலில் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார்களோ, அவர்களுடைய கட்சியையே இருவரும் பிடித்துக்கொண்டார்கள். கொள்கையெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. உங்கள் கட்சியும் அப்படித்தான் வந்திருக்கும்... யோசித்துப் பாருங்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கட்சி ஆட்சியில் இருக்கிறதோ, அரசாங்கம் சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் அவருடைய பொறுப்பு. அரசாங்கத் தபாலை அவர்தான் பிரிக்க வேண்டும். போனில் மணிக்கணக்காகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதும் அவர்தான். தேர்தலில் தோற்றால் அடுத்த நாளே பொறுப்பு கைமாறும். தோற்றது அக்கா என்றால், "இனி உங்கட ஆக்கள், நீங்களே பாருங்கோ" என்பாள். அத்தான் தோற்றால், "இனி உம்மட ஆக்கள், நீரே பாரும்" என்று நிம்மதியாகக் காலை நீட்டிவிடுவார். ஆளுக்கு நாலு வருடம். சில சமயம் எட்டு.

வேலை மட்டும் கைமாறினால் பரவாயில்லை. நம்பிக்கையும் சேர்ந்தே மாறுகிறது.

அத்தானின் கட்சி ஆண்ட காலத்தில், பனிப்புயல் வருகிறது என்று அரசாங்க வானிலைக்காரர் சொன்னால், அத்தான் முதல் நாளே உப்பு வாங்கி வாசலில் தூவிவிடுவார். "சும்மா வெருட்டுறாங்கள்" என்று அக்கா வெறும் செருப்போடு கடைக்குப் போவாள். ஆட்சி மாறியது. இப்போது உப்புத் தூவுவது அக்கா, வெறும் சட்டையோடு வெளியே போவது அத்தான். வானிலைக்காரரும் பனியும் மாறவில்லை.

கீரைக் கதை இன்னும் மோசம். அதுவும் அத்தானின் ஆட்கள் ஆண்டபோதுதான். பைக்கற்றில் வரும் ஒரு கீரையில் கிருமி இருக்கிறது, சாப்பிட வேண்டாம் என்று அரசாங்கம் அறிவித்தது. அக்கா அதையே வாங்கி, சாலட் போட்டு, அத்தான் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். "அது முந்தாநாள் மீன் செய்த வேலை" என்று கடைசிவரை சாதித்தாள். அத்தான் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

இவர்கள் மட்டுமா? அங்கே நாடே இப்படித்தான் என்கிறார்கள். தன் கட்சி ஆண்டால் அரசாங்கத்தை நம்பு, மற்றக் கட்சி வந்தால் சந்தேகப்படு. தேர்தல் முடிந்த கையோடு இரண்டு பக்கமும் நம்பிக்கையை மாற்றிக்கொள்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். நாம் என்ன குறைச்சலா? கவுன்சிலில் நம் கட்சி இருந்தால் ரோட்டுக் குழிக்குக் காரணம் மழை. மற்றக் கட்சி இருந்தால் அதே குழிக்குக் காரணம் நிர்வாகச் சீர்கேடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காவும் அத்தானும் ஒரு அரசாங்கத்துக்குப் பயந்து, ஆளுக்கு ஒரு பெட்டியோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள். சீருடையைக் கண்டால் பின்பக்க வேலியால் ஓடிப் பழகிய எங்களுக்கு, அரசாங்கம் சொல்வதை நம்புவது வளர்ந்த பிறகு கற்றுக்கொண்ட வேலை. இவர்கள் பாதிக் காலமாவது நம்புகிறார்களே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

இப்போது அங்கே ஆள்வது அக்காவின் ஆட்கள். (சொல்ல மாட்டேன் என்றவள் சொல்லிவிட்டேனே! கண்டுபிடித்தவர்கள் மனதுக்குள் வைத்திருங்கள்.) ஆகவே அரசாங்க அறிவித்தல்கள் எல்லாம் அக்காவின் போனுக்குத்தான் வரும். அன்று காலை வந்தது மருந்து பற்றியது. ஒரு கம்பனி செய்த பிறஷர் குளிசையில், சில தயாரிப்புத் தொகுதிகளில், இருக்கக் கூடாத ஏதோ ஒன்று கலந்துவிட்டதாம். டொக்டரிடம் கேட்டு உடனே வேறு குளிசைக்கு மாறுங்கள் என்று போட்டிருந்தது. அக்கா மாடிக்கு ஓடி அத்தானின் போத்தலைக் கொண்டு வந்தாள். அதே கம்பனி. அதே தொகுதி இலக்கம்.

"இஞ்சருங்கோ, உதைப் போடாதேங்கோ. அரசாங்கம் வேண்டாமெண்டு சொல்லுது."

"எந்த அரசாங்கம்?"

"இருக்கிறது ஒரு அரசாங்கம்தானே!"

"உம்மட ஆக்கள்தானே? உவங்கள் எந்தக் கம்பனியோட என்ன டீல் போட்டாங்களோ. நாளைக்கு இன்னொரு கம்பனிக் குளிசையை வாங்கச் சொல்லுவாங்கள், இருந்து பாரும்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. இது கட்சி இல்லை, உங்கட உயிர்!"

"உயிரை வைச்சுத்தான் வெருட்டுவாங்கள்," என்றார் அத்தான். போத்தலை அவள் கையிலிருந்து வாங்கினார். அதன் பிறகுதான் அந்தக் குளிசையும் தேத்தண்ணியும்.

அக்கா அழுததில் நியாயம் இருக்கிறது. போன வருடம் ஒரு சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கில், தள்ளிக்கொண்டு போன ட்ரொலியைப் பிடித்தபடியே அத்தான் சரிந்து விழுந்தார். அம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தவள் அக்கா. அன்றிலிருந்து அவர் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலே இவள் கதவுக்கு வெளியே போய் நிற்பாள். பிழைத்து வந்த மனிதர், பிடிவாதத்தால் மறுபடி விழுந்துவிடுவாரோ என்பதுதான் அவளுக்குப் பயம்.

அன்று முழுவதும் அக்கா வாதாடிப் பார்த்தாள். அறிவித்தலைப் பெரிய எழுத்தில் காட்டினாள், வாசித்துக் காட்டினாள். அவள் ஒரு ஆதாரம் காட்டினால் அவர் இரண்டு சந்தேகம் காட்டினார். கடைசியில் போத்தலை என்னுடைய அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தாள். அத்தான் அசரவில்லை. பயணப் பையில் இன்னொரு போத்தல் வைத்திருந்தார், அதே தொகுதிதான். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள், ஈஸ்ட் ஹாமில் மட்டன் றோல்ஸ் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டி இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பிறஷர்காரருக்கு மட்டன் றோல்ஸா என்று கேட்காதீர்கள்... வேறு எதைச் சொன்னாலும் அவர் கதிரையை விட்டு எழும்பமாட்டார். என் திட்டம் வேறு. எனக்குத் தெரிந்த ரமணன் அங்கே பார்மசி வைத்திருக்கிறார். எங்கள் ஊர்க்காரர், பொறுமையானவர். அமெரிக்க அரசாங்கத்தை நம்பாவிட்டால் என்ன, தமிழ்ப் பார்மசிஸ்ட்டை நம்புவார் என்பது என் எண்ணம்.

ரமணன் போத்தலை வாங்கிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"இதை மாத்துறதுதான் நல்லம், அங்கிள். ஆனா வேற எடுக்காமல் சும்மா நிப்பாட்டவும் கூடாது. அங்கத்தைய டொக்டரோட ஒருக்காக் கதைச்சுப்போட்டு, இங்க ஒரு பிரைவேட் டொக்டரிட்டப் போங்கோ. அவர் வேற எழுதித் தருவார்."

"அது சரி தம்பி, இதில பிழை இருக்கெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அமெரிக்க அரசாங்கத்தின்ர வெப்சைட்டில போட்டிருக்கே, அங்கிள்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா பிள்ளை? இவரும் அதைத்தான் வாசிச்சிருக்கிறார்."

யாரைப் பிடித்துக் கேட்டாலும், அவர் இன்னொருவர் சொன்னதை நம்பித்தானே சொல்கிறார்? கடைசியில் அது முகம் தெரியாத யாரோ ஓர் ஊழியரின் மேசையில் போய் நிற்கிறது. எந்தக் கட்சி வந்தாலும் காலையில் அதே பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவராக இருக்கும், பாவம். அவரை நம்பினால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

மட்டன் றோல்ஸை அத்தான் மட்டும்தான் சாப்பிட்டார். அக்கா தொடவில்லை.

திரும்பி வரும்போது பேக்கர் ஸ்ட்ரீட்டில் மாறி, மெட்ரோபொலிட்டன் லைனில் ஏறினோம். அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், நான் எதிரே. அந்த லைனில் போகிறவர்களுக்குத் தெரியும் — பிஞ்ச்லி ரோடு தாண்டினால் வெம்பிளி பார்க் வரை ரயில் எங்கும் நிற்காது. அந்த நீண்ட ஓட்டத்தில்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

"நீங்கள் சொல்லுறதுதான் சரி," என்றாள், தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டு.

"எது?"

"எங்கட ஆக்களை நம்பேலாது. பொய்யர். எல்லாரும் பொய்யர். நான்தான் விசரி மாதிரி இவ்வளவு காலமும் உவங்களுக்குக் கொடி பிடிச்சிருக்கிறன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசுவது அக்காதானா? தன் கட்சியைக் குறை சொன்னதற்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவள். தலைவர் டீவியில் உளறினால்கூட, "பாவம், அந்தாளுக்குக் களைப்பு" என்று சானலை மாற்றுகிறவள்.

"அதால..." கைப்பையின் பட்டியைத் திருகினாள். "உவங்கள் சொன்னதுக்காக இல்லை. உவங்களை விடுங்கோ. குளிசையை மட்டும் மாத்துவமே?"

அத்தான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் மடியில் இருந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வெம்பிளி பார்க்கில் பெரிய கூட்டம் ஒன்று ஏறி, எங்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றது. அவர்கள் தெரியவில்லை. இடைவெளியில் கைகள் மட்டும் தெரிந்தன. என் கண் கலங்கிவிட்டது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஹரோவில் இறங்கி நடக்கும்போது அத்தான் சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து என்னிடம் தந்தார்.

"பிள்ளை, அந்தத் தம்பி சொன்ன மாதிரி ஒரு டொக்டரைப் பிடி. இண்டைக்கே எண்டால் நல்லம்."

அன்று மாலையே எல்லாம் முடிந்தது. அவர்களுடைய டொக்டரோடு போனில் பேசினோம், இங்கே ஒரு டொக்டரிடம் போனோம், புதுக் குளிசை வந்தது. அத்தான் நல்ல பிள்ளையாக விழுங்கினார்.

அடுத்த நாள் பாத்திரம் கழுவும்போது அக்கா என் காதுக்குள் சொன்னாள். "எடியேய், எப்பிடி என்ர நடிப்பு? மனிசன் அப்பிடியே நம்பிட்டார். எங்கட ஆக்களைத் திட்டினதுக்கு ராத்திரி சாமியிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் படுத்தனான்."

"ஓம் அக்கா, நம்பிட்டார்," என்றேன்.

பிறகு தோட்டத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அத்தானிடம் போனேன். "உண்மையைச் சொல்லுங்கோ அத்தான். அக்கா கட்சி மாறிட்டா எண்டு நம்பினீங்களா?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கொக்காவோ? உன்ர அக்காவோ கட்சி மாறுறது?"

"அப்ப ஏன் குளிசையை மாத்தினீங்கள்?"

சிரிப்பு நின்றது.

"எவ்வளவு பயந்திருந்தால் அவ தன்ர ஆக்களையே பொய்யர் எண்டு சொல்லியிருப்பா? அரசாங்கம் சொன்னதை நான் இப்பவும் நம்பேல்லை, பிள்ளை. அவ பயந்ததை நம்பினன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவவிட்டச் சொல்லிப்போடாதை. தான் வெண்டிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டும்."

நான் சொல்லவில்லை. இதை எழுதுவதிலும் ஆபத்தில்லை. என்னைப் போன்ற பத்திரிகைக்காரரை நம்பக் கூடாது என்பதில் மட்டும் அந்த வீட்டின் இரண்டு கட்சிகளும் ஒரே முடிவில் இருக்கின்றன. என் பத்தியை இருவரும் படிப்பதில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். அக்கா மாதிரி நமக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயப்படுகிற ஓர் அரசாங்கம் எங்கேயாவது வந்தால் சொல்லுங்கள்... எந்தக் கட்சியாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்!