புகை உள்ளே போன வெள்ளிக்கிழமை

1. ஏறிய மீட்டர்

பிரிக்ஃபீல்ட்ஸில் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் நான் எனர்ஜி மேனேஜர். மின்சாரச் செலவை முடிந்தவரை குறைத்து, மீதியைச் சோலார் தகடுகளிலிருந்து எடுத்து, கட்டடத்தை நெட் ஸீரோவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உரிமையாளர்கள் அறிவித்திருந்தார்கள். அறிவிப்பது அவர்கள் பங்கு. மீட்டரை இறக்குவது என் பங்கு.

முதல் வருடம் மீட்டர் சொன்னபடி கேட்டது. இரண்டாம் வருடம் பாதியில், கட்டடம் முழுவதற்கும் குளிர்நீர் அனுப்பும் சில்லரின் மீட்டர் ஏறத் தொடங்கியது. மூன்று வாரம் தொடர்ந்து ஏறியது.

மேலாளர் டேவிட் சார் என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, நெட் ஸீரோவுக்குப் போறோமா, ரிவர்ஸ் கியர் போட்டுட்டியா?"

"கண்டுபிடிச்சிருவேன் சார்."

"சீக்கிரம் லா. அடுத்த மாசம் ஓனர்ஸ் மீட்டிங். ஒரு காரணமாவது கொடு."

2. கண்ணெதிரே ஒரு கதவு

காரணம் தரைத்தளத்திலேயே இருந்தது. பரமேஸ்வரி அக்காவின் சேலைக்கடைக்கு இரட்டைக் கண்ணாடிக் கதவு. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை இரண்டும் ஆவென்று திறந்தே கிடக்கும். கடைக்கும் எங்கள் சில்லரிலிருந்துதான் குளிர்.

"அக்கா, கதவைச் சாத்தி வச்சா கரண்ட் மிச்சமாகும்."

"சாத்துன கதவைத் தள்ளிட்டு வந்து சேலை பாக்க நம்ம ஆளுங்களுக்குக் கூச்சம் அண்ணே. வாங்காம எப்படி வெளிய வர்றதுன்னு பயப்படுவாங்க. வெயில்ல நடந்து போறவங்க மூஞ்சில சில்லுன்னு காத்து படணும். அப்பதான் கால் தானா உள்ள திரும்பும்."

"உங்க கதவு வழியா கட்டடமே ஒழுகுது அக்கா."

"பதினோரு வருசமா ஒழுகுது. இப்பதான் தெரிஞ்சுதா?"

அந்தப் பதிலை அன்றே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வாசலில் நின்று படம் எடுத்தேன், வெப்பமானி வைத்து அளந்தேன், நான்கு பக்க ரிப்போர்ட் எழுதினேன். அதை வைத்து டேவிட் சார் அக்காவுக்குக் கடிதம் அனுப்பினார்: மாத இறுதிக்குள் கதவுகள் மூடப்படாவிட்டால் கடை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அக்கா இரண்டு முறை படித்தார்.

"தீபாவளி வரைக்கும்கூட விட மாட்டீங்க, இல்ல?"

நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

3. சாம்பிராணி

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலை, லாபி வரவேற்பு மேசையில் இருக்கும் ரீட்டா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், சேலைக்கடைப் புகை லாபிக்கு வருது. தலை வலிக்குது. ஒரு மாசமா வெள்ளிக்கிழமை ஆனா இதே கதை."

கடையின் பின்கதவு லாபிக்குள் திறக்கும். அக்கா மீது இரண்டாவது புகாரும் கிடைத்துவிட்டது என்று உற்சாகமாகப் போனேன். அவர் வாசலில் நின்று சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

"இதையாவது தெருப்பக்கம் காட்டக் கூடாதா அக்கா?"

"கண்ணைத் திறந்து பாருங்க. தெருவைப் பாத்துதான் காட்டறேன். முன்னெல்லாம் புகை நேரா ரோட்டுக்குப் போகும். இப்ப திரும்பி என் மூஞ்சிக்கே வருது. உங்க கட்டடம்தான் பேய் மாதிரி உள்ள இழுக்குது லா!"

பார்த்தேன். புகை அக்காவின் தோளைத் தாண்டி, சேலை அடுக்குகளுக்கு மேலாக நீந்தி, பின்கதவு வழியே ரீட்டாவை நோக்கி வரிசை தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

வெளியேற்றும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகவே புதுக்காற்றைக் கட்டடத்துக்குள் செலுத்த வேண்டும். அப்போதுதான் திறந்த கதவில் குளிர்காற்று வெளிப்பக்கமாக வீசும். தெருச் சூடு உள்ளே வராது. எங்கள் கட்டடத்தில் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது.

மேலே போய் என் டயரியைப் புரட்டினேன். ஆறு வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, காலை 9.15: "ஃப்ரெஷ் ஏர் ஃபேன் பாதி வேகத்துக்குக் குறைக்கப்பட்டது. மிச்சம் நிச்சயம்." என் கையெழுத்து. 'நிச்சயம்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு வேறு.

புதுக்காற்றைப் பாதியாக்கிய நான், கழிவறைகளின் எக்ஸாஸ்ட் ஃபேன்களை முழு வேகத்திலேயே விட்டிருந்தேன். வெளியே போன காற்றுக்கு ஈடாக, பிரிக்ஃபீல்ட்ஸின் வெயிலும் ஈரமும் அக்காவின் கதவு வழியே உள்ளே வந்தன. அதைக் குளிரவைக்கத்தான் சில்லர் கூடுதலாக ஓடியது. ஃபேனில் நான் மிச்சப்படுத்தியது அதன் பக்கத்தில்கூட வராது.

அன்றே ஃபேனைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணி ரோட்டுக்குப் போனது. சில்லர் மீட்டரும் இறங்கியிருந்தது.

4. யார் பெயர்

"சார், அக்காவுக்குக் கொடுத்த லெட்டரை வாபஸ் வாங்கணும். தப்பு நான் ஃபேனைக் குறைச்சது."

டேவிட் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ரிப்போர்ட்டுல 'சிஸ்டம் அட்ஜஸ்ட்மென்ட்'னு போட்டு முடிச்சிரலாமா? யாரும் கேக்க மாட்டாங்க."

"அக்கா கதவைப் பத்தி நாலு பக்கம் எழுதினேன் சார். என் ஃபேனுக்கு ஒரு பக்கமாவது எழுதணும்."

"மீட்டிங்குல உன்னை வறுத்து எடுத்துருவாங்க."

வறுத்தார்கள். நாற்பது நிமிடம். ஆனால் கடிதம் ரத்தானது. அந்த உத்தரவையும் நானே கொண்டுபோனேன்.

"அப்ப இத்தனை நாளா என் கதவைத் திட்டுனது?"

"மன்னிச்சிருங்க அக்கா. தப்பு என்னோடது."

அக்கா சிரித்தார். "பதினோரு வருசத்துல உங்க ஆபீஸ் ஆளு ஒருத்தர் இப்படிச் சொல்லி இப்பதான் கேக்கறேன். சரி, உண்மையச் சொல்லுங்க. கதவு திறந்திருந்தா இப்பவும் கொஞ்சம் வீண்தானே?"

"கொஞ்சம் வீண்தான்."

அவர் எழுந்து போய் இடப்பக்கக் கதவைச் சாத்தித் தாழிட்டார். பச்சைப் பட்டு கட்டிய பொம்மையை இழுத்து அதன் முன் நிறுத்தினார்.

"இவ்வளவுதான் முடியும். அந்தப் பக்கம் திறந்தேதான் இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

படம், வெப்பமானி, ரிப்போர்ட், கடிதம் எதற்கும் அசையாத கதவு அது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மீட்டர் ஏறினால், அடுத்தவர் வாசலுக்குப் போகும் முன், நீங்கள் கடைசியாகக் கைவைத்தது எதில் என்று பாருங்கள். அதை ஒப்புக்கொண்ட பிறகு போனால், கேட்காமலேயே பாதிக் கதவு கிடைக்கும்.