வீட்டுக்கு முந்தின வளைவு

டெலோரஸ் பியெலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது வேண்டியதுதான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட, முன்னால் பனி கொட்ட, மாசசூசெட்ஸின் மேற்குப் பக்கத்து ஆற்றோரச் சாலையில் எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறாள். பஸ்ஸின் உயரத்திலிருந்து பார்த்தால், காரில் போகிறவர்களுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். சாலையோரப் பள்ளத்தில் அவள் கண்ணில் அதிகம் பட்டது நிப். கைக்குள் மறைத்துவிடலாம் போன்ற பிளாஸ்டிக் மது பாட்டில், ஒரே மடக்கில் தீர்ந்துவிடும். மழை பெய்தால் அது பள்ளத்திலிருந்து நேரே ஆற்றுக்குப் போய்விடும்.

ஆறு நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். குனிந்து பொறுக்குகிறவர்கள் கொஞ்சம் பேர். டெலோரஸ் குனிந்தாள். பாலம் தொடங்கி, அவள் வீட்டுக்கு முந்தின வளைவு வரைக்கும், ஆற்றைச் சுத்தம் செய்கிற ஊர்ச் சங்கத்தில் அவள் பங்கு. பொறுக்கும்போதே வீசினவனின் பரம்பரையையும் சேர்த்துத் திட்டுவாள். அந்த வளைவில் மட்டும் எப்போதும் ஒரே சரக்கு: சிவப்பு மூடி, இலவங்கப்பட்டை வாசனை போட்ட விஸ்கி. கல்லூரிப் பயல்களின் வேலை என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள்.

சோடாவுக்கும் பீருக்கும் இருப்பதுபோல நிப்புக்கும் கடையில் முன்பணம் பிடித்துக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர வேண்டும். அப்போதுதான் அது ஆற்றுக்குப் போகாமல் மறுசுழற்சிக்குப் போகும். இதற்கான மசோதா மாநிலத் தலைநகர் போஸ்டனில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவழியாக சட்டசபைக் குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்க நாள் குறித்தது. சங்கத் தலைவி ஜூடித், டெலோரஸின் வாயை நம்பி அவள் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

அதற்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், டெலோரஸ் பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். முன்னால் அவள் புருஷன் ரோமனின் வண்டி. வளைவில் அது மெதுவானது. ஜன்னலிலிருந்து கை நீண்டது. சிவப்பு மூடி ஒன்று பள்ளத்துக்குள் போய் விழுந்தது.

ரோமன் நகராட்சியில் சாலை வேலை பார்க்கிறவன். குடியை விட்டு இரண்டு வருஷமாயிற்று என்று ஊரே நம்பியது. ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்று, சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுது சத்தியம் பண்ணியிருந்தான். அன்று முதல் வாயில் எந்நேரமும் இலவங்கப்பட்டை மிட்டாய். பெட்டி பெட்டியாக அதை வாங்கிக் கொடுத்ததே டெலோரஸ்தான். அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் போய் உருளைக்கிழங்கை வேகவைத்தாள். கேட்டால் இல்லை என்பான். ஆமாம் என்றுவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

போஸ்டனுக்குத் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றாள். ரோமன் கேட்கவில்லை.

"நீ ஓட்டினா ஸ்கூல் பஸ் பழக்கத்துல ஒவ்வொரு தண்டவாளத்துலயும் நிறுத்தி, கதவைத் தெறந்து, ரயில் வருதான்னு காது குடுத்துக் கேப்ப டெல். நாம போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த தேர்தலே வந்துரும்."

லீவு போட்டு, கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். பெண்டாட்டி சட்டசபையில் பேசப்போகிறாள் என்பதில் அவனுக்கு உண்மையாகவே பெருமை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

காலையிலிருந்து காத்திருந்தார்கள். உறுப்பினர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஒருவர் போனிலேயே முகத்தைப் புதைத்திருந்தார். மதுக்கடைக்காரர்கள் சார்பில் வந்தவர், வீசுகிறவன் வீசத்தான் செய்வான், பத்து சென்ட் முன்பணத்துக்கெல்லாம் திருந்த மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார். டெலோரஸின் கையில் ஜூடித் திருத்திக் கொடுத்த தாள். அதில் வீசுகிறவர்களுக்கு 'வெட்கம் கெட்ட கூட்டம்' என்று பேர். வாசித்தால் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ரோமனைச் சபையில் வைத்து அறைவது போலாகும். வாசிக்காவிட்டால் இவ்வளவு தூரம் வந்ததே வீண்.

ஆற்றைப் பற்றிச் சரளமாகவே பேசினாள். அந்த வரி வந்ததும் நின்றுவிட்டாள். குழுவிலிருந்த ஒரு பெண் உறுப்பினர் அவளுக்கு உதவுவதாக நினைத்துக் கேட்டார்:

"மிஸஸ் பியெலா, யார்தான் இதையெல்லாம் வீசுறாங்க? சின்னப் பசங்களா?"

டெலோரஸ் தாளை மடித்தாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இல்லீங்க. இதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவங்க வீசுறாங்க. வீட்ல ஒருத்தி நம்பிக்கிட்டு இருக்கா. அதனால வீட்டுக்கு முன்னாடியே தூக்கிப் போட்டுட்டுப் போறாங்க."

"அப்போ முன்பணம் பிடிச்சா மட்டும் நிறுத்திருவாங்களா?"

"மாட்டாங்க. ஆனா கீழ கெடக்குறதைக் குனிஞ்சு எடுக்க வேற யாருக்காவது ஒரு காரணம் கெடைக்கும். ஆத்துக்கு அது போதும். அந்த ஆளை என்ன பண்றதுன்னு மட்டும் எனக்குத் தெரியல."

நேரம் முடிந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். எதிராளிக்கு வாதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாயே என்று ஜூடித்துக்குக் கோபம். மசோதாவை அந்த வருஷம் 'மேலும் ஆராய' அனுப்பினார்கள், அதாவது பரணில் போட்டார்கள். அதற்கு டெலோரஸின் பேச்சு காரணமில்லை. அதை அங்கே யாரும் குறித்துக்கொள்ளக்கூட இல்லை.

கேட்டவன் ஒருவன்தான். திரும்பும் வழியில் ரோமன் ரேடியோ போடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வளைவு வந்தது. வண்டியை ஓரங்கட்டி, பின்னாலிருந்து குப்பைப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவளும் இறங்கினாள். வழக்கமாக அவள் பொறுக்கும் பள்ளத்தை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. தடுப்பைத் தாண்டிச் சரிவில் இறங்கி, சாலைக்கடியில் தண்ணீர் போகும் குழாயின் வாயருகே கல்யாணக் கோட்டோடு மண்டியிட்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டான். அங்கே டெலோரஸ் ஒரு நாளும் தேடியதில்லை.

"இதுக்குள்ளதான் நெறைய," என்றான், அவளைப் பார்க்காமல். "பையைப் பிடி டெல்."

பிடித்தாள். பை நிறைந்த பிறகும் அவன் எடுத்துக்கொண்டே இருந்தான்.